அந்த விலை யாருடைய விலை?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், வணிகவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். 1986-ல் இங்கே பி.காம். முடித்தேன். மறு வருஷம் சென்னைக்கு ரயிலேறி, ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதே தொழிலில் இருந்து, ஓய்வு பெற்று, ஊருக்கே திரும்பிவிட்டேன். நான் புறப்பட்டபோது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம். மற்றபடி ஆடித் தபசுக் கூட்டமும் பூ மார்க்கெட் சத்தமும் அப்படியேதான் இருக்கின்றன.

சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணாச்சி, நம்ம பையன்க எல்லாம் செல்போன்லயே ஷேர் வாங்குறானுக, விக்கிறானுக. பட்டனை அமுக்கின பிறகு உள்ள என்ன நடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்றார். எந்தப் பங்கை வாங்கலாம் என்று பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். இதைக் கேட்டதால் வந்தேன். ஏனென்றால் இது சரியாகத் தெரியாத காலத்தில், எனக்குப் பாடம் சொன்ன ஒருவருக்கே நான் நட்டம் உண்டாக்கியிருக்கிறேன். அதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் பூந்தோட்டம் இருந்தது. விடியுமுன்னே மல்லிகையும் பிச்சியும் பறித்து, கூடையில் ஈரத்துணி போட்டு மூடி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவோம். கமிஷன் கடையில் கூடையை இறக்கியதும் வியாபாரிகள் சுற்றி நின்று விலை கேட்பார்கள். ஒருவர் ஒரு விலை சொல்வார், இன்னொருவர் அஞ்சு ரூபாய் கூட்டுவார், யார் கூடுதலாகக் கேட்டாரோ அவருக்குக் கூடை போகும். முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் ஒரு விலை, அதற்கு மறுநாள் பாதி விலை. இதுதான் நான் பார்த்த முதல் சந்தை.

அங்கே விற்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். பங்குச் சந்தையில் இரண்டு பக்கமும் பலர். வாங்க நிற்பவர்கள் "இந்த விலைக்குத் தருவீர்களா" என்று தங்களுக்குள் போட்டி போட்டு விலையை ஏற்றுகிறார்கள். விற்க நிற்பவர்கள் "இந்த விலைக்கு எடுத்துக்கொள்" என்று போட்டி போட்டு விலையை இறக்குகிறார்கள். இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கிறதோ அங்கே வியாபாரம் முடிகிறது. வாங்குபவர் விலைக்கு இங்கிலீஷில் "பிட்", விற்பவர் விலைக்கு "ஆஸ்க்" என்று பெயர்.

இந்த "ஆஸ்க்" என்ற சொல்லில்தான் முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். ஆஸ்க் என்றால் கேட்பது. நம்ம ஊரில் விலை கேட்கிறவன் யார்? வாங்க வந்தவன். "மாட்டை என்ன விலைக்குக் கேக்கான்?" என்றுதானே சொல்கிறோம். விற்கிறவன் விலை சொல்வான். அங்கே தலைகீழ், விற்கிறவன்தான் ஆஸ்க். நான் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். மாணவர்கள் இதை ஒரு தடவை மனசில் பதித்துக்கொள்ளுங்கள். திரையில் பிட் என்று காண்பது நீங்கள் விற்றால் கிடைக்கும் விலை. ஆஸ்க் என்று காண்பது நீங்கள் வாங்கினால் கொடுக்க வேண்டிய விலை. ஆஸ்க் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். நடுவிலுள்ள இடைவெளி, அவசரப்படுகிறவன் கொடுக்கும் கூலி.

நான் சேர்ந்த காலத்தில் திரை கிடையாது. சென்னைப் பங்குச் சந்தை செகண்ட் லைன் பீச் சாலையில் இருந்தது. 1937-ல் தொடங்கி 2015-ல் மூடப்பட்ட சந்தை அது. கூடத்துக்குள் தரகர்களும் அவர்கள் ஆட்களும் கூவிக் கூவி விலை சொல்வார்கள், கையால் சைகை காட்டுவார்கள். பேசி முடித்ததைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார்கள். "ஜாபர்" என்று ஒரு வகை ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு பங்கின் பெயரைச் சொன்னால் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள்.

அந்தக் கூடத்துக்குள் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். வெளியே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சங்கரன்கோவிலில் ஒருவர் நூறு பங்கு வாங்க வேண்டுமென்றால் தபாலோ டிரங்க் காலோ செய்வார். அன்றைக்கு அந்தப் பங்கு 90-லிருந்து 96 வரை போயிருந்தால், அவருக்குப் பெரும்பாலும் 96 என்றுதான் சீட்டு வரும். எந்த நேரத்தில் வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டுச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

1994 நவம்பர் 3-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தை, அதாவது என்.எஸ்.இ., கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. 1875-ல் பிறந்த பம்பாய்ப் பங்குச் சந்தையும் 1995-ல் திரைக்கு மாறியது. எங்கள் அலுவலக மொட்டை மாடியில் ஒரு பெரிய குடை போல ஆன்டெனா வைத்தார்கள். செயற்கைக்கோள் வழியாக எங்கள் ஆர்டர் பம்பாய்க்குப் போகும். இனி யாரும் கூவ வேண்டியதில்லை. எல்லா ஆர்டரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும். விதி இரண்டே இரண்டுதான்.

முதல் விதி விலை. வாங்குபவர்களில் யார் அதிக விலை கொடுக்கிறாரோ அவர் முன்னால் நிற்பார். விற்பவர்களில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவர் முன்னால். இரண்டாவது விதி நேரம். ஒரே விலை சொன்ன இருவரில் முதலில் வந்தவருக்கு முதலில். பம்பாய்ப் பணக்காரர் 100 ரூபாய்க்கு ஒரு லட்சம் பங்கு கேட்டிருந்தாலும், அவருக்கு ஒரு நொடி முன்னால் நம்ம ஊர்க்காரர் 100 ரூபாய்க்குப் பத்துப் பங்கு கேட்டிருந்தால், பத்துப் பங்குக்காரருக்குக் கொடுத்த பிறகுதான் லட்சத்துக்காரருக்கு. என்ன நேரத்தில், எந்த எண்ணில் வியாபாரம் முடிந்தது என்பதும் சீட்டில் அச்சாகி வரும். என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய நியாயம் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பங்கை விற்க நிற்பவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 100 ரூபாய் 10 பைசாவுக்கு 200 பங்கு, 100 ரூபாய் 20 பைசாவுக்கு 400 பங்கு, 100 ரூபாய் 50 பைசாவுக்கு 1,000 பங்கு. நீங்கள் 1,000 பங்கு வேண்டும், "மார்க்கெட் ஆர்டர்" என்று போடுகிறீர்கள். அதாவது என்ன விலையானாலும் சரி, இப்பவே வேண்டும் என்கிறீர்கள். கம்ப்யூட்டர் முதல் 200-ஐ 100.10-க்கும், அடுத்த 400-ஐ 100.20-க்கும், மீதி 400-ஐ 100.50-க்கும் எடுத்துக் கொடுக்கும். சராசரி 100 ரூபாய் 30 பைசா. திரையில் 100.10 என்று பார்த்துத்தானே பட்டனை அமுக்கினீர்கள்? அந்த விலை 200 பங்குக்கு மட்டும்தான்.

அதையே "லிமிட் ஆர்டர்" என்று, 100.20-க்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று போட்டால் என்ன ஆகும்? 600 பங்கு உடனே கிடைக்கும். மீதி 400-க்கு நீங்கள் 100.20-ல் வாங்குவோர் வரிசையில் முதல் ஆளாக நிற்பீர்கள். யாராவது அந்த விலைக்கு இறங்கி வந்தால் கிடைக்கும். வராவிட்டால் சாயங்காலம் மூன்றரை மணியோடு ஆர்டர் செத்துப்போகும். மார்க்கெட் ஆர்டரில் பங்கு கிடைக்கும், ஆனால் விலை உங்கள் கையில் இல்லை. லிமிட் ஆர்டரில் விலை உங்கள் கையில், ஆனால் பங்கு கிடைக்கும் என்று உறுதி இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இன்னொன்று. 100.10-க்கு ஆள் நிற்கும்போது நீங்கள் 105 என்று லிமிட் போட்டால் 105 பிடுங்கிக்கொள்வார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள். இல்லை. ஏற்கெனவே வரிசையில் நிற்கிறவர் விலைக்குத்தான் வியாபாரம், புதிதாக வருகிறவர் விலைக்கு அல்ல. 100.10-லிருந்துதான் ஆரம்பிக்கும்.

வரிசையில் நிற்கும்போது விலையை மாற்றினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ உங்கள் இடம் போய்விடும். கடைசியில் போய் நிற்க வேண்டும். ரேஷன் கடை வரிசையை விட்டு வெளியே போய்விட்டு வருவது போல. எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இடம் போகாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1996-ஆம் வருஷம். இதே ஊரில் எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுத்த சார், ஓய்வு பெற்றவர், பெண் கல்யாணத்துக்காகத் தன்னிடமிருந்த 500 பங்குகளை விற்றுத் தரச் சொன்னார். அப்போது டீமேட் எல்லாம் வரவில்லை. பங்குப் பத்திரங்களோடு கையெழுத்துப் போட்ட மாற்றுப் படிவங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். திரையில் அந்தப் பங்கு 84 ரூபாய் என்று காட்டியது. போனில், "சார், 84 இருக்கு. வித்துரவா?" என்றேன். "500-க்கு 42 ஆயிரம். சரி தம்பி, வித்துரு" என்றார்.

அதிகம் ஆள் புழங்காத கம்பெனி அது. வாங்க யார் யார் எந்த விலைக்கு நிற்கிறார்கள் என்று பார்க்க எஃப்6 பொத்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை. எஃப்2-வை அமுக்கி, 500 பங்கு, மார்க்கெட் விலை என்று போட்டுவிட்டேன். ஒரு நொடிதான். 82-க்கு 50 பங்கு போனது. 80-க்கு 100. 78-க்கு 150. 76-க்கு 200. மொத்தம் 39,000 ரூபாய். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே பங்கு மறுபடி 82-ல் நிற்கிறது.

அந்த 84 என்ன விலை தெரியுமா? அன்று காலையில் யாரோ ஒருவர் 25 பங்கு வாங்கிய விலை. அவர் வாங்கிவிட்டுப் போயே போய்விட்டார். நான் அந்த விலையைத்தான் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகத்தில், "மார்க்கெட்னா அப்படித்தான்" என்றார்கள். 3,000 ரூபாய் அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்தபோது முதலில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். கேட்டுவிட்டு, "ஏலே, முந்தின கூடை என்ன விலைக்குப் போனா நமக்கென்ன? அடுத்த கூடைக்கு எத்தனை பேரு நிக்கான், என்ன கேக்கான்னுதான பாக்கணும்? இது தெரிய பட்டணத்துக்கா போவணும்?" என்றார்.

பிறகு சார் வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். "கூட்டல் சரியாத்தான் இருக்கு. நீ 84-ன்னு சொன்னியே, அது யாரோட விலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பத்து வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை.

மாதம் 300 வீதம் அந்தப் பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் சொல்லவில்லை. கல்யாணக் கடன் இருந்தது, எனக்கும் அது புரிந்தது. பத்து மாதம் மணியார்டர் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்தோடு ரசீது திரும்பி வரும். பத்தாவது ரசீதில் கையெழுத்துக்குக் கீழே "கணக்கு சரி" என்று எழுதியிருந்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் "விலை இவ்வளவு" என்று நான் சொன்னதில்லை. "இத்தனை பேர் இந்த விலைக்கு நிற்கிறார்கள், உங்கள் எண்ணிக்கைக்கு இது போதுமா போதாதா" என்றுதான் சொல்வேன்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பெரிய இடங்களிலும் இதே சங்கதி நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 5-ஆம் தேதி, ஒரு தரகர் அலுவலகத்திலிருந்து தவறுதலாகப் போடப்பட்ட 59 விற்பனை ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல், என்.எஸ்.இ.யில் பாய்ந்தன. நிஃப்டி குறியீடு கண் மூடித் திறப்பதற்குள் 15 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. வியாபாரத்தைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கம்பெனிகளுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வாங்க நின்றவர்களின் வரிசையை அந்த ஆர்டர்கள் படிப்படியாக விழுங்கிக்கொண்டு கீழே போயின, அவ்வளவுதான். பிறகு விலைகள் பெருமளவு மீண்டன. அந்த நேரத்தில் மார்க்கெட் விலைக்கு விற்றவர்களுக்கு நட்டம் நட்டம்தான்.

2005 டிசம்பரில் ஜப்பானில் இதைவிட வேடிக்கை. ஜே-காம் என்ற கம்பெனியின் 1 பங்கை 6 லட்சத்து 10 ஆயிரம் யென்னுக்கு விற்க வேண்டியவர், 6 லட்சத்து 10 ஆயிரம் பங்குகளை 1 யென்னுக்கு விற்பதாக மாற்றி அடித்துவிட்டார். கம்பெனிக்கே மொத்தம் 15,000 பங்குகூடக் கிடையாது! 1 யென் என்று போட்டாலும் 1 யென்னுக்கு வியாபாரம் நடக்கவில்லை. வாங்க நின்றவர்கள் விலைக்கும், அன்றைய கீழ் எல்லை விலைக்கும்தான் நடந்தது. அப்படியும் அந்தத் தரகு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 4,000 கோடி யென் நட்டம்.

காலையில் சந்தை திறக்கும்போது மட்டும் முறை வேறு. 2010 அக்டோபரிலிருந்து, 9 மணிக்குத் தொடங்கும் முன்நேர ஏலத்தில் முதலில் எல்லா ஆர்டர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அந்த ஒரே விலையில் எல்லோருக்கும் முடிக்கிறார்கள். இரவில் வந்த நல்ல செய்தி, கெட்ட செய்திக்காக முதல் ஆள் மட்டும் அடிபடாமல் இருக்க இந்த ஏற்பாடு. 9.15-க்குப் பிறகு நான் சொன்ன வரிசைதான்.

இந்த வரிசை எல்லோருக்கும் சமம் என்றேன். அதில் ஒன்றை மறைக்கக் கூடாது. 2010-லிருந்து பெரிய நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டரைச் சந்தையின் கட்டடத்திலேயே வாடகைக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவை நாம் கண் இமைப்பதற்குள் ஆயிரம் ஆர்டர் போட்டு ஆயிரத்தையும் திரும்ப எடுத்துவிடும். வேகத்தில் அவற்றோடு நாம் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம். நமக்கு இருப்பது விலை சொல்லும் உரிமை, காத்திருக்கும் பொறுமை. அந்த இரண்டையும் எந்தக் கம்ப்யூட்டரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது. நாமாகத்தான் மார்க்கெட் ஆர்டர் பட்டனை அமுக்கி அதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். திரையில் பெரிய எழுத்தில் மினுக்குவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது போன கூடையின் விலை. அதற்குக் கீழே ஐந்து வரி வாங்குபவர், ஐந்து வரி விற்பவர் என்று இருக்கும், அதைப் படியுங்கள். இரண்டாவது, வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் அந்தப் பங்கில் லிமிட் போடாமல் கை வைக்காதீர்கள். மூன்றாவது, அனுப்புவதற்கு முன் எண்ணிக்கையையும் விலையையும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். ஜப்பான்காரர் செய்யாதது அதுதான்.

வரிசையைப் புரிந்துகொண்டால் பணம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. பங்குகளின் முன்பேரமான எஃப் அண்டு ஓ வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாக செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வீட்டில் கொடுத்த ஹாஸ்டல் பணத்தோடு அதில் இறங்கும் பையன்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் வாங்கும் ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் ஒருவர் விற்கிறார். அவரும் முட்டாள் இல்லை. அவர் ஏன் விற்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அந்த சார் இன்று இல்லை. இருந்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து, நான் போட்ட கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்திருப்பார். ஒரு விலையை யாராவது உங்களிடம் சொன்னால், அவர் என்னிடம் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். "அது யாரோட விலை?"